பொன்னேரிக்கு வந்த வாய்க்கால் மருதையாற்றை எப்படித் தாண்டியது?

கங்கைகொண்ட சோழபுரம் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் கோயிலில் ஆரம்பித்து ஏரியில் முடிப்பார்கள். ஏரி என்றால் ராஜேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம். ஊர்ப்பேச்சில் பொன்னேரி. கரை 16 மைல், கொள்ளிடத்திலிருந்து வந்த வாய்க்கால் 60 மைல். இந்த இரண்டு எண்களும் இல்லாத கட்டுரையோ யூடியூப் வீடியோவோ கிடையாது. 16 மைல் என்பது கிட்டத்தட்ட 26 கிலோமீட்டர். 60 மைல் என்பது சுமார் 96 கிலோமீட்டர். கேட்டதும் வாயைப் பிளக்கிறோம், "அந்தக் காலத்திலேயே!" என்கிறோம், அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறோம்.

என் குறை இதுதான். எண்களைச் சொல்கிறார்களே தவிர, அந்த எண்கள் எழுப்பும் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கொள்ளிடத்தின் வடகரையில் மேற்கிலிருந்து கிழக்காக 96 கிலோமீட்டர் வாய்க்கால் ஓடினால், வடக்கிலிருந்து வந்து கொள்ளிடத்தில் கலக்கும் ஒவ்வொரு ஓடையையும் அது குறுக்கே வெட்டித்தான் போக வேண்டும். அதில் பெரியது மருதையாறு. பச்சைமலைப் பக்கம் தோன்றி, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் வழியாக ஓடி, கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மேற்கே கொள்ளிடத்தில் சேருகிறது. சரி, வாய்க்கால் அதை எப்படித் தாண்டியது? மேலேயா, கீழேயா, ஊடேயா?

கோயிலைவிடவும் ஏரியைவிடவும் சிறிய விஷயம்தான் இது. ஆனால் ஏரி ஏன் செத்தது, இனி பிழைக்குமா என்ற இரண்டு கேள்விக்குமே பதில் இந்தச் சின்ன இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்கு முன், பொன்னேரியைப் பற்றி நாம் திரும்பத் திரும்பச் சொல்லும் எல்லாவற்றுக்கும் அடிப்படையான இரண்டு எழுத்துகளைக் கொஞ்சம் நிதானமாக வாசித்துப் பார்க்கலாம்.

முதல் எழுத்து: செப்பேடு

திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 1905-இல் கிடைத்தன. மொத்தம் 31 ஏடுகள். அவற்றின் சமஸ்கிருதப் பகுதி சோழர் புகழ் பாடும் பிரசஸ்தி. கங்கைப் படையெடுப்பு முடிந்து திரும்பிய ராஜேந்திரன், கங்கை நீரைக் கொண்டு சோழகங்கம் என்ற பெயரில் நீராலான ஒரு வெற்றித் தூணை நிறுவினான் என்று அதில் வருகிறது. மற்ற அரசர்கள் கல்லில் ஜெயஸ்தம்பம் நட்டார்கள், இவன் தண்ணீரில் நட்டான். நல்ல கற்பனை. ஆயிரம் வருஷம் கழித்தும் எல்லோரும் இதையே எடுத்தாள்கிறார்கள் என்றால் கவிஞர் ஜெயித்துவிட்டார் என்றுதான் அர்த்தம்.

ஆனால் அந்த உவமை நம்மை ஒரு விஷயத்தில் ஏமாற்றுகிறது. தூண் ஒரு தடவை நட்டால் நிற்கும். அதற்கு வருஷா வருஷம் எதுவும் ஊட்ட வேண்டியதில்லை. ஏரி அப்படியில்லை. ஒவ்வொரு ஆடியிலும் தலைப்பில் தண்ணீர் ஏற வேண்டும், வாய்க்காலில் மண் அள்ளியிருக்க வேண்டும், உடைப்பு அடைத்திருக்க வேண்டும். ஒரு வருஷம் விட்டால் மேடு தட்டும், பத்து வருஷம் விட்டால் கருவேலம் முளைக்கும். ஏரியைத் தூண் என்று சொன்ன கணத்திலேயே அதன் வரத்து வாய்க்கால் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது. பிரசஸ்தி எழுதியவரைக் குறை சொல்ல முடியாது, வாய்க்கால் பராமரிப்பு அவர் வேலை கிடையாது. ஆனால் நாமும் அவர் கண்ணாலேயே இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது எழுத்து: 1855 கெஸட்டியர்

16 மைல், 60 மைல் எண்கள் செப்பேட்டில் இருப்பவை கிடையாது. சென்னையில் ஃபாரோ கம்பெனி 1855-இல் வெளியிட்ட தென்னிந்திய கெஸட்டியரில், உடையார்பாளையம் தாலுகா பற்றிய குறிப்பில் வருபவை. நீலகண்ட சாஸ்திரி தன் சோழர் வரலாற்றில் இந்தப் பத்தியை எடுத்துக் கொடுத்த பிறகுதான் எல்லோர் கைக்கும் வந்தது. அதாவது 'சோழர் கால அளவு' என்று நாம் பகிர்வது, பாழடைந்த ஏரியைப் பார்த்து பிரிட்டிஷ் காலத்தில் எழுதிய குறிப்பை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு அந்தப் பத்தியைப் படித்தால் நிறைய விஷயம் கிடைக்கிறது.

அதன் சாரம் இவ்வளவு: வடக்கு தெற்காக 16 மைல் கரை. மிகுந்த பலமுள்ளது. உறுதியான மதகுகள் பல உண்டு. கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கும் அதிகமான வாய்க்கால் தென்கோடியில் சேர்ந்தது. வெள்ளாற்றிலிருந்து சின்ன வாய்க்கால் ஒன்று வடகோடியில் சேர்ந்தது. இரண்டுக்கும் தடம் மட்டும் மிச்சம். ஏரி பல காலமாகப் பாழ், உள்ளே காடு. படையெடுத்து வந்த ஒரு சேனை வேண்டுமென்றே அழித்தது என்று மக்கள் சொல்கிறார்கள்.

இந்த வரிசையைக் கவனித்தீர்களா? கரை பலமாக இருக்கிறது. மதகு உறுதியாக இருக்கிறது. வாய்க்கால் மட்டும் 'தடம்' ஆகிவிட்டது. சேனை வந்து அழித்த ஏரி என்றால் முதலில் போக வேண்டியது கரை. கரையை வெட்டியிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் 16 மைல் கரையில் ஒரு வெட்டு என்பது, தண்ணீர் வரும் ஏரிக்கு ஒரு கோடை வேலை. அடைத்துவிடுவார்கள். அதை அடைக்காமல் தலைமுறை தலைமுறையாக விட்டார்கள் என்றால், அடைத்தும் நிரப்பத் தண்ணீர் இல்லை என்றுதான் பொருள். கெஸட்டியர் எழுதியவர் சாட்சியத்தை எல்லாம் சரியாக அடுக்கிவைத்துவிட்டு, தீர்ப்பை மட்டும் ஊர்க்கதையிடம் விட்டுவிட்டார்.

60 மைல் எதற்கு?

கொள்ளிடம் கங்கைகொண்ட சோழபுரத்துக்குத் தெற்கே பக்கத்திலேயே ஓடுகிறது. ஆனைக்கரைக்கும் கோயிலுக்கும் அதிக தூரமில்லை, பஸ்ஸில் சீக்கிரம் போய்விடலாம். பிறகு ஏன் 60 மைல் சுற்ற வேண்டும்?

ஏரி மேட்டில் இருக்கிறது, ஆறு பள்ளத்தில் ஓடுகிறது. பம்ப் இல்லாத காலத்தில் தண்ணீரை மேட்டுக்குக் கொண்டுபோக ஒரே வழி, ஆறு இன்னும் உயரத்தில் இருக்கும் இடத்துக்கு, அதாவது மேற்கே போவது. அங்கே ஆற்றிலிருந்து வாய்க்காலைப் பிரித்து, ஆற்றைவிடக் குறைந்த இறக்கத்தில் நடத்திக்கொண்டு வர வேண்டும். ஆறு சரசரவென்று இறங்கும், வாய்க்கால் மெதுவாக இறங்கும். போகப்போக வாய்க்கால் ஆற்றைவிட உயரத்துக்கு வந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிலோமீட்டருக்கு 25 சென்டிமீட்டர் இறக்கம், அதாவது 4000-க்கு 1 என்று வைத்தால், 96 கிலோமீட்டரில் மொத்த இறக்கம் 24 மீட்டர். 5000-க்கு 1 என்று வைத்தால் சுமார் 19 மீட்டர். இந்த அஞ்சு மீட்டர் வித்தியாசம், ஏரியில் தண்ணீர் நிற்குமா நிற்காதா என்பதையே மாற்றிவிடும். இதைக் கணித்தவர்கள் யாராக இருந்தாலும் மட்டம் பார்ப்பதில் பெரிய கைகாரர்கள். 16 மைல் கரையைவிட எனக்கு வியப்பு இதில்தான்.

மேப்பை எடுத்துப் பாருங்கள். கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து மேற்கே நேர்கோட்டில் கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் அளந்தால் முக்கொம்புப் பக்கம் வந்துவிடுவீர்கள், காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடம். வாய்க்கால் வளைந்து வந்திருக்கும் என்பதால் தலைப்பு அதற்குச் சற்றுக் கிழக்கே இருந்திருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் திருச்சிப் பக்கத்துத் தண்ணீர்தான் ஏரிக்கு வந்திருக்க வேண்டும்.

இது நடக்கிற காரியமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்குப் புள்ளம்பாடி வாய்க்கால் பதில். 1950-களில் வெட்டிய வாய்க்கால். முக்கொம்புக்குச் சற்று மேலே வாத்தலையில் பிரிந்து வடகரையோடு கிழக்கே போகிறது. திருச்சி, அரியலூர் மாவட்டங்களில் 22,114 ஏக்கருக்குப் பாசனம். சோழர் வாய்க்கால் போன அதே திசை, அதே கரை.

குறுக்கே ஆறு வந்தால்

இப்போது மருதையாற்றுக்கு வருவோம். வாய்க்கால் ஆற்றைத் தாண்ட அடிப்படையில் மூன்று வழி உண்டு.

ஒன்று, மேலே போவது. ஆற்றின் குறுக்கே கண்களை வைத்துப் பாலம் கட்டி, பாலத்தின் மேல் வண்டிக்குப் பதில் தண்ணீரை ஓட்டுவது. நமக்குத் தெரிந்த பெயர் தொட்டிப்பாலம். கன்னியாகுமரி மாவட்டத்தில் பறளியாற்றின் மேல் 1966-இல் கட்டிய மாத்தூர் தொட்டிப்பாலம் 28 தூண்களில் நிற்கிறது. ஆனால் தொட்டிப்பாலம் என்றால் எல்லாமே மாத்தூர் மாதிரி இருக்காது. பெரும்பாலானவை ரெண்டு மூணு கண் வைத்த சின்னக் கட்டுமானம்தான். ரோட்டில் போகிறவர்களுக்குச் சாதாரணக் கல்வெட்டுப் பாலம் மாதிரி தெரியும், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

இரண்டு, கீழே போவது. வாய்க்காலை ஆற்றுப் படுகைக்கு அடியில் குழாயாக நுழைத்து அந்தப் பக்கம் எழுப்புவது. சைஃபன் என்பார்கள். அழுத்தம் தாங்கும் கட்டுமானம் வேண்டும், மண் அடைத்தால் அள்ளுவது கஷ்டம்.

மூன்று, ஊடே போவது. ஆற்றை வாய்க்காலுக்குள்ளேயே விட்டுவிடுவது. ஒரு கரையில் ஆறு உள்ளே வரும், எதிர்க்கரையில் கலிங்கு வைத்து மிச்சத்தை வெளியே தள்ளுவது. செலவு குறைவு. கூடுதல் தண்ணீரும் கிடைக்கும்.

சோழர்களுக்கு எது சாத்தியம்? கெஸட்டியர் பாராட்டுகிற மதகுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். மதகு, தூம்பு என்பது கரைக்கு அடியில் தண்ணீரை நடத்தும் கல் வழி. கரையின் எடையைத் தாங்கிக்கொண்டு அடியில் நீர் போக வழி செய்யத் தெரிந்தவர்களுக்கு, வாய்க்கால் கரைக்கு அடியில் சின்ன ஓடையைப் போகவிடுவது பெரிய வித்தை கிடையாது. வேலை அதேதான், இடம்தான் வேறு. அதனால் சிற்றோடைகளைச் சிறிய நீர்ப்பாலங்களால் தாண்டியிருக்க முடியும் என்று நினைக்கிறேன்.

மருதையாறு மாதிரி ஆற்றுக்கு அது பத்தாது. வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் அடித்தால் ஒரே ராத்திரியில் இருகரையும் புரளும். அந்த வெள்ளத்துக்கு வேண்டிய கண்களை வைத்துப் பாலம் கட்டுவது வேறு அளவு வேலை. என் கணிப்பு, பெரிய ஆறுகளில் மூன்றாவது வழிதான். ஆற்றை உள்ளே விட்டு, கலிங்கில் வெளியே தள்ளியிருப்பார்கள்.

இந்த மூன்றாவது வழியில் ஒரு சிக்கல் உண்டு. வாய்க்கால் நிறைந்து ஓடும் பருவமும் ஆற்றில் வெள்ளம் வரும் பருவமும் ஒன்றே. அந்த நேரத்தில் கலிங்கு தாங்காவிட்டால் வாய்க்கால் கரை போய்விடும். தாங்கினாலும் ஆறு கொண்டுவந்த மணல் வாய்க்காலுக்குள் படியும். ஆக ஒவ்வொரு வருஷமும் மழை முடிந்ததும் ஆள் இறக்கி அள்ளியே ஆக வேண்டும்.

சேனை தேவையே இல்லை

மென்பொருள் ஆட்களுக்குப் பழக்கமான விஷயம் ஒன்று. தொடராகக் கோத்த பத்து பாகங்களில் ஒன்பது நன்றாக வேலை செய்து ஒன்று நின்றால், மொத்தமும் நின்றதாகத்தான் கணக்கு. 90 சதவீதம் ஓடுகிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாய்க்காலும் தொடர்தான். 96 கிலோமீட்டரில் 95 நன்றாக இருந்து, மருதையாற்றில் ஒரு பர்லாங் போய்விட்டால், அதற்குக் கிழக்கே சொட்டுத் தண்ணீர் வராது.

அதை யார் சரி செய்வது? சோழர் காலத்து ஊர்ச் சபைகளுக்கு ஏரி வாரியம் இருந்தது, உத்திரமேரூர்க் கல்வெட்டில் பார்க்கிறோம். ஆனால் அந்த வாரியம் தன் ஊர் ஏரியைத்தான் பார்க்கும். திருச்சிப் பக்கம் தொடங்கி உடையார்பாளையத்தில் முடியும் வாய்க்கால் எத்தனையோ ஊர் எல்லைகளைத் தாண்டுகிறது. வழியில் இருக்கும் ஊர்களுக்கு, கடைசியில் இருக்கும் ஏரி நிரம்புவதில் என்ன லாபம்? எல்லா ஊரையும் கட்டி வேலை வாங்க ஒரே ஆளால்தான் முடியும், அவர் கங்கைகொண்ட சோழபுரத்தில் உட்கார்ந்திருந்தவர்.

சுமார் 250 வருஷம் அது தலைநகரமாக இருந்தது. 1279-ஓடு சோழர் கதை முடிகிறது. அதற்குப் பிறகு மருதையாற்றுக் கலிங்கு ஒரு ஐப்பசியில் உடைந்திருந்தால், அதைக் கட்டச் சொல்ல யாரும் இல்லை. அழிவுக்கு ஒரு சேனையும் ஒரு வில்லனும் இருந்தால் கதை நன்றாக இருக்கும். ஆனால் உடைந்ததைச் சரி செய்ய ஆள் இல்லாமல் போவதே போதும்.

பக்கத்து ஏரியைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். கடலூர் மாவட்டத்து வீராணம், பொன்னேரிக்கு நூறு வருஷம் மூத்தது. பராந்தகன் காலம். அது இன்றும் உயிரோடு இருக்கிறது, 2004 முதல் சென்னைக்குக் குடிநீரும் கொடுக்கிறது. இரண்டுமே சோழர் ஏரி, இரண்டுக்குமே நீண்ட கரை. வீராணம் தாழ்வில் இருப்பதால் கீழணையிலிருந்து வடவாறு வழியாகக் கொள்ளிடத்துத் தண்ணீர் எட்டுகிறது. பொன்னேரி மேட்டில் இருப்பதால் எட்டவில்லை. வரத்து இருப்பது பிழைத்தது, வரத்து போனது செத்தது.

இதில் ஒரு கசப்பும் உண்டு. அந்தக் கீழணையை 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரம் கோயில் மதிலைப் பிரித்துத்தான் கல் எடுத்தார்கள். அந்தக் கெஸட்டியரே இதைக் கோபமாகப் பதிவு செய்கிறது. ராஜேந்திரன் ஊர்க் கல், பராந்தகன் ஏரிக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருக்கிறது.

மற்ற இடங்களில்

கால்வாயைத் தாண்ட வைக்கும் இடமே மொத்தக் கால்வாயின் உயிர்நாடி என்பது நம்மூருக்கு மட்டும் உள்ள விஷயமல்ல. இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி கால்வாய், டெர்ன் என்ற சின்ன ஆற்றைத் தாண்ட லாங்டனில் கல்லால் ஒரு நீர்ப்பாலம் கட்டினார்கள். முடிவதற்குள் 1795 பிப்ரவரி வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. பிறகு வந்த தாமஸ் டெல்ஃபோர்ட் வார்ப்பிரும்புத் தொட்டியை வைத்து 1797-இல் முடித்தார். நீளம் 57 மீட்டர்தான். 1944-இல் கால்வாய் கைவிடப்பட்டது. இன்று இரண்டு பக்கமும் கால்வாய் இல்லாமல் பாலம் மட்டும் வயலில் தனியாக நிற்கிறது. கால்வாயை மீட்க நினைக்கும் தன்னார்வலர்கள் அந்தப் பாலத்தை முக்கியமான சொத்தாகக் கருதுகிறார்கள். மண் எங்கேயும் கிடைக்கும், வெட்டிக்கொள்ளலாம். ஆற்றைத் தாண்டும் இடம் அப்படிக் கிடைக்காது.

காட்டனின் கோதாவரித் திட்டத்திலும் இதே பாடம். டெல்டாவின் ஒரு பகுதிக்குத் தண்ணீர் போக வைநதேய கோதாவரியைத் தாண்ட வேண்டியிருந்தது. கன்னவரத்தில் 40 அடி அகலக் கண்கள் 49 வைத்து, 1851-52-இல் ஒரே பருவத்துக்குள் ஹெய்க் என்ற இளம் அதிகாரி கட்டி முடித்தார். அந்த ஒரு கட்டுமானம் நின்றிருந்தால் அக்கரையில் பாசனமே கிடையாது.

இப்போது என்ன?

2025 ஜூலையில், ராஜேந்திரன் பிறந்தநாள் ஆடித் திருவாதிரை விழாவை ஒட்டி, சோழகங்கம் ஏரியைச் சுமார் 19 கோடி ரூபாயில் சீரமைக்கப்போவதாக முதலமைச்சர் அறிவித்தார். தூர்வாருவது, கரையைப் பலப்படுத்துவது, சுற்றுலா வசதி என்று திட்டம். நல்ல விஷயம், வரவேற்கிறேன். அந்தப் பகுதி விவசாயிகள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆனால் இதையும் ஒரு எழுத்தாக வாசித்தால், செப்பேட்டின் உவமை இன்னும் நம்மை விடவில்லை என்று தெரிகிறது. ஏரியைத் தூணாகப் பார்க்கிறோம்: நிமிர்த்தி, சுத்தம் பண்ணி, லைட் போட்டால் போதும். 1855-இல் பலமாக இருந்தது கரை, தடமாகிப் போனது வாய்க்கால். நாம் மறுபடி கரையில்தான் கை வைக்கிறோம். வரத்து இல்லாத ஏரியை எவ்வளவு ஆழம் தோண்டினாலும், சுற்றுவட்ட மழைநீர் எவ்வளவோ அவ்வளவுதான் நிற்கும். மழை பொய்த்த வருஷத்தில் படகுத்துறை இருக்கும், படகு மிதக்காது.

60 மைல் வாய்க்காலை அப்படியே மீட்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தத் தடத்தில் இன்று வீடு இருக்கிறது, ரோடு இருக்கிறது, சுண்ணாம்புக்கல் சுரங்கம் இருக்கிறது. கொள்ளிடத்துத் தண்ணீரில் புதிதாகப் பங்கு கேட்பது தனி அரசியல். ஆனால் ஒரு காரியம் பண்ணலாம். மிச்சமிருக்கும் தடத்தை லெவல் எடுத்து வரைபடமாக்கலாம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு இதற்குப் பத்தாது. அதன் பிழையே சில மீட்டர் இருக்கும், நாம் தேடுவது கிலோமீட்டருக்கு 25 சென்டிமீட்டர். தரையில் நின்று கருவி வைத்துத்தான் பார்க்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது, தடம் மருதையாற்றையும் மற்ற ஓடைகளையும் சந்திக்கும் இடங்கள். பழைய கல்லும் செங்கல்லும் எங்காவது மிஞ்சியிருந்தால் அங்கேதான் மிஞ்சியிருக்கும். கட்டுமானம் என்று ஒன்று தேவைப்பட்ட இடங்கள் அவைதான், மற்ற இடமெல்லாம் மண் வேலை.

ஒரு பொறியியல் கல்லூரியின் சிவில் மாணவர்கள் நாலு பேர், ஒரு ஆட்டோ லெவல், ஒரு கோடை விடுமுறை. அறிவித்த தொகைக்கு முன்னால் இந்தச் செலவு தூசி. ஏரியின் கதையை நம்மிடம் ரெண்டு எழுத்துகள் சொல்லிவிட்டன. மூன்றாவதை லெவல் புத்தகத்தில் எண்களாக எழுத வேண்டியிருக்கிறது.